பக் என்பது மானா, பணமா, பழியா?

கேட்டவரின் சிக்கல் சுருக்கமாக இது. அமெரிக்க வாடிக்கையாளரோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் ஒருவர் "டோன்ட் பாஸ் த பக்" என்றிருக்கிறார். பக் என்றால் டாலர் என்று மட்டுமே தெரிந்திருந்ததால், ஏதோ பணம் கைமாறுவதைப் பற்றிய பேச்சு என்று இவர் சும்மா இருந்துவிட்டார். பிறகு அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் ஆண் மான். பள்ளி விளையாட்டு விழாவில் "பக் அப், பக் அப்" என்று கத்தியதும் நினைவுக்கு வந்திருக்கிறது. எல்லாம் ஒரே சொல்தானா, எங்கே எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். பொருள் பட்டியல் எந்த அகராதியிலும் கிடைக்கும், அதை இங்கே திரும்ப எழுதுவதில் பயனில்லை. அவருக்கு உண்மையில் வேண்டியது வேறு: இந்தப் பொருள்களுக்குள் உறவு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதை வைத்துக்கொண்டு நாளை புதிதாகக் காதில் விழும் தொடரையும் ஊகிக்க முடியுமா? முக்கால்வாசி நேரம் முடியும். முடியாத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் விலங்கு. பழைய ஆங்கிலத்தில் 'புக்' என்றால் ஆண் மான், 'புக்கா' என்றால் ஆட்டுக்கிடா. இரண்டும் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்து பக் ஆயின. இந்த அளவுக்கு ஐயமில்லை. இன்று மானில் மட்டுமல்ல, முயல், ஆடு, இரலை வகைகள், எலி ஆகியவற்றின் ஆணும் பக்தான், பெண் டோ. ஆனால் எல்லா மானுக்கும் இது பொருந்தாது. ஐரோப்பியச் செம்மானின் ஆண் ஸ்டாக், பெண் ஹைன்ட். மூஸ், எல்க் போன்ற பெரிய உருப்படிகளில் ஆண் புல், பெண் கவ், அதாவது மாட்டுக்குச் சொல்வதே. இந்தியாவில் புள்ளிமான், கடமான் ஆண்களை ஸ்டாக் என்றே வேட்டைக்கால ஆங்கிலமும் வனத்துறை ஆங்கிலமும் எழுதிவந்தன. பக் என்ற சொல் நம் ஊரில் ஒட்டிக்கொண்டது வெளிமானிடம். கிண்டி தேசியப் பூங்காவிலும் கோடியக்கரையிலும் நிற்கிற அந்த இரலைக்கு ஆங்கிலப் பெயர் பிளாக்பக். கறுப்பாக இருப்பது வளர்ந்த ஆண் மட்டும்தான். பெண் மங்கிய பழுப்பு நிறம். ஆனாலும் இனம் முழுவதற்கும் ஆணின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதனால் "ஃபீமேல் பிளாக்பக்" என்று எழுதினால் பிழையில்லை, கேட்க விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி ஊகிக்கும் வழி. இந்தச் சொல்லின் பொருள்களில் பெரும்பகுதி அந்த ஆண் மானின் மூன்று விஷயங்களிலிருந்து கிளைத்தவை: அதன் தோல், அதன் துள்ளல், அதன் ஆண்மை மிடுக்கு. தோல் பணமாயிற்று, துள்ளல் எதிர்ப்பாயிற்று, மிடுக்கு முதலில் சீமான் வீட்டு மைனராகவும் பிறகு உற்சாகமாகவும் ஆயிற்று. கொம்பும் ஒரு கிளையை விட்டிருக்கலாம், அது ஐயத்துக்குரியது, பிறகு வருகிறேன். புதிய தொடர் காதில் விழுந்தால் இந்த மூன்றில் எது பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தோல் பணமான கதைக்கு ஆதாரம் கொஞ்சம் கையில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் மான்தோல் வணிகம் மிகப் பெரியது. பழங்குடியினர் தோலைக் கொண்டுவந்து போட்டுத் துணி, துப்பாக்கி, கெட்டில், சாராயம் வாங்கிப் போவார்கள். நாணயத் தட்டுப்பாடு இருந்த எல்லைப்புறத்தில் தோலே கணக்கின் அலகானது. பென்சில்வேனியா குடியேற்றத்தின் தூதராகப் போன கான்ராட் வைசர் 1748-இல் எழுதிய குறிப்பில், ஒரு பீப்பாய் விஸ்கி ஐந்து பக் என்று விலை வருகிறது. அங்கே பக் என்பது நிஜத் தோல். கனடாப் பக்கம் ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற வணிக நிறுவனம் இதே வேலையை, அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் தோலை வைத்துச் செய்தது. துப்பாக்கி இத்தனை பீவர், போர்வை இத்தனை பீவர் என்று விலைப்பட்டியலே போட்டது. டாலர் என்ற பொருளில் பக் அச்சில் தென்படுவது 1856-இல். நடுவே நூறாண்டு இடைவெளி. தோலிலிருந்து டாலருக்கு வந்த ஒவ்வொரு படியையும் காட்டும் சான்று கிடையாது. ஆகவே "மிகவும் பொருத்தமான விளக்கம்" என்று சொல்லலாமே தவிர "நிரூபணம் ஆனது" என்று சொல்லக் கூடாது. நமக்கு இந்த மாற்றம் அந்நியமும் அல்ல: "கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை" என்ற 400-ஆவது குறளில் மாடு என்பது செல்வம்தான். லத்தீனில் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியாவும் கால்நடையிலிருந்து வந்ததே.

பணம் என்ற பொருளில் இதைக் கையாளும்போது நம்மவர்கள் வழுக்குவது இலக்கணத்தில். ஒன்றுக்கு மேல் போனால் 'பக்ஸ்' கட்டாயம்: ஃபைவ் பக்ஸ், ஃபிஃப்டி பக்ஸ். பிரிட்டிஷ் பவுண்டுக்கான கொச்சைச் சொல் 'குவிட்' நேர்மாறு, அது ஃபைவ் குவிட்தான், 'குவிட்ஸ்' ஆகாது. ஆயிரத்தைக் குறிக்கும் 'கிராண்ட்' என்பதும் அப்படியே நிற்கும். டாலர் குறியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பக்ஸ் என்றும் எழுதினால் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னது போலாகும். விலைப்பட்டியல், ஒப்பந்தம், அலுவலக மின்னஞ்சலின் தொகை வரி, இங்கெல்லாம் பக்ஸுக்கு இடமில்லை. பேச்சுக்கும் நண்பர்களின் குறுஞ்செய்திக்கும் மட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாக்காரர்களுக்கு அவரவர் டாலர் பக். தென்னாப்பிரிக்காவில் ராண்டையும் பக்ஸ் என்பார்கள். இந்திய நகரத்து இளைஞர்கள் ரூபாயையும் அப்படியே சொல்கிறார்கள்: "ஆட்டோக்கு டூ ஹண்ட்ரட் பக்ஸ் கேட்கிறான்." உள்ளூரில் குழப்பம் இல்லை. அமெரிக்க வாடிக்கையாளரிடம் உங்கள் ஊர்ச் செலவைச் சொல்லும்போது அதே வாயில் வந்துவிட்டால் அவர் இருநூறு டாலர் என்று குறித்துக்கொள்வார். அங்கே ருபீஸ் என்று முழுதாகச் சொல்வதே பாதுகாப்பு.

இன்னொரு பொறி 'எ பக் ஃபிஃப்டி'. கடையில் கேட்டால் ஒன்றரை டாலர். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் தன் எடை 'எ பக் ஃபிஃப்டி' என்றால் 150 பவுண்டு. நெடுஞ்சாலைப் பேச்சில் 'எ பக் டுவென்டி' என்றால் மணிக்கு 120 மைல். அதாவது பக் இங்கே நூறு என்ற வேலையைச் செய்கிறது. பேசப்படும் பொருள் பணமா, எடையா, வேகமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 'சாபக்' என்று கேட்டால் பத்து டாலர் தாள். இது தோலோடு தொடர்பில்லாதது. விறகுக் கட்டையை வைத்து அறுக்கும் தாங்கிக்குச் சாபக் என்று பெயர், டச்சு மொழியிலிருந்து வந்தது, அங்கே பின்பாதி ஆட்டுக்கிடாவைக் குறிக்கும். அந்தத் தாங்கியின் இரு முனையும் பெருக்கல் குறி போல இருக்கும், ரோமானிய எண்ணில் அது பத்து, அந்தக் கால பத்து டாலர் தாளிலும் அந்த எழுத்து பெரிதாக அச்சாகியிருந்தது. இருபது டாலர் 'டபுள் சாபக்'. இப்போது பழைய குற்றக் கதைகளுக்கு வெளியே இதை அதிகம் கேட்க முடியாது.

நிதிச் செய்தி படிப்பவர்கள் 'பிரேக் த பக்' என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மணி மார்க்கெட் ஃபண்டின், அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் நிதியின், ஓர் அலகு எப்போதும் ஒரு டாலரில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. அது ஒரு டாலருக்குக் கீழே இறங்கினால் பக் உடைந்தது என்பார்கள். 2008 செப்டம்பர் 16 அன்று ரிசர்வ் பிரைமரி ஃபண்ட், திவாலான லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் கடன் பத்திரங்களை வைத்திருந்ததால் 97 சென்ட்டுக்கு இறங்கியது. மூன்று சென்ட்தானே என்று தோன்றும். வங்கி வைப்பு போலப் பத்திரமானது என்று நம்பிப் போட்டவர்கள் எல்லா ஃபண்டுகளிலிருந்தும் பணத்தை எடுக்க ஓடினார்கள், கடைசியில் அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. 'பேங் ஃபார் த பக்' அடுத்தது. நாம் "கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை" என்கிற இடத்தில் இதைப் போடலாம். அது பரவியது 1950-களில், அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஆட்சியின் பாதுகாப்புச் செலவு விவாதத்தில்: பெரிய படையை வைத்துத் தீனி போடுவதைவிட அணுகுண்டுக்குச் செலவழித்தால் அதே டாலருக்கு அதிக வெடிச்சத்தம் கிடைக்கும் என்ற கணக்கு. இப்போது கைபேசி விமர்சனத்திலும் சாதாரணமாக வருகிறது.

இனி உங்களைக் குழப்பிய தொடர். 'பாஸ் த பக்' என்பதில் வரும் பக்குக்கும் டாலருக்கும் நேரடி உறவு இல்லை. இது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போக்கரில் சீட்டுப் போடும் முறை ஆள் மாறி ஆள் வரும். இப்போது யார் முறை என்று காட்ட அவர் முன்னால் ஒரு பொருளை வைப்பார்கள், அந்த அடையாளப் பொருள்தான் பக். முறை வந்தும் போட விருப்பமில்லாதவர் அதை அடுத்தவர் முன் தள்ளிவிடலாம். 1872-இல் வந்த மார்க் ட்வைனின் நூலில் இந்தச் சூதாட்டப் பொருளில் தொடர் அப்படியே இருக்கிறது. பொறுப்பைத் தள்ளிவிடுவது என்ற பொருள் அதற்குப் பிறகு ஊன்றியது. இன்றைய சூதாட்ட விடுதிகளில் டீலர் என்று எழுதிய வெள்ளை வட்டு மேசையைச் சுற்றிவருவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தப் பக்கின் வாரிசு.

இதுவரை உறுதி. அந்த அடையாளப் பொருளுக்கு ஏன் பக் என்று பெயர் வந்தது என்பதில்தான் கதைகள் மலிந்து கிடக்கின்றன. மான்கொம்புக் கைப்பிடி போட்ட கத்தியை அடையாளமாக வைத்தார்கள், அதனால் பக் என்பது எல்லோரும் சொல்வது. நம்பும்படி இருக்கிறது, எல்லைப்புற ஆட்கள் எல்லோரிடமும் கத்தி இருந்தது, ஆனாலும் இது ஊகமே. இன்னொரு கதை: வெள்ளி டாலரை அடையாளமாக வைத்ததால் டாலருக்கே பக் என்று பெயர் வந்தது என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். டாலரைப் பக் என்று அச்சிட்ட சான்று, சீட்டாட்டப் பக்குக்குக் கிடைக்கும் சான்றுகளைவிட முந்தியது. காலக்கணக்கு ஒத்துவராத சொல்வரலாறு எவ்வளவு சுவையாக இருந்தாலும் ஒதுக்கிவைப்பதே முறை.

இந்தத் தொடரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஹாரி ட்ரூமன். 1945 முதல் 1953 வரை அமெரிக்க அதிபராக இருந்தவரின் மேசையில் 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று எழுதிய சின்னப் பலகை இருந்தது. அதைச் செய்தது ஒக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோவில் இருந்த கூட்டாட்சிச் சீர்திருத்தச் சிறையில். 1945 அக்டோபரில் அதிபருக்கு அனுப்பிவைத்தார்கள். பலகையின் மறுபக்கத்தில், அதாவது அதிபர் பக்கம், 'ஐ ஆம் ஃப்ரம் மிசௌரி' என்று இருந்தது; மிசௌரிக்காரன் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான் என்ற ஊர்ப்பேச்சின் எதிரொலி அது. பலகை இப்போது மிசௌரியில் இன்டிபெண்டன்ஸ் நகரத்து ட்ரூமன் நூலகத்தில் இருக்கிறது. 1953 ஜனவரியில் விடைபெறும் உரையிலும், முடிவெடுப்பது அதிபரின் வேலை, அவர் பக்கை வேறு எவரிடமும் தள்ள முடியாது என்றே பேசினார்.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடினால் சறுக்கும். 'தட்டிக்கழிப்பது' என்பதில் வேலையைச் செய்யாமல் விடுவது மட்டும் இருக்கிறது, அடுத்தவர் வரவில்லை. 'பழியை அடுத்தவன் தலையில் கட்டுவது' என்பதில் அடுத்தவர் வருகிறார், ஆனால் தப்பு ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். பாஸ் த பக் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தப்பு நடக்காமலேயே, முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல, அந்தக் கவுன்டர்ல கேளுங்க" என்று கோப்போடு ஆளையும் அனுப்பிவைப்பதுதான் அச்சு அசலான பக் பாஸிங். பிழை நடந்த பிறகு "டெஸ்டிங் டீம்தான் பார்த்திருக்கணும்" என்பதும் அதில் அடங்கும். அப்படிச் செய்பவர் பக் பாஸர். முறையாக வேலையைப் பிரித்துக் கொடுப்பது இதில் சேராது. அதற்கு டெலிகேட் என்று வேறு சொல் இருக்கிறது. வேலையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் டெலிகேட், வேலையோடு பொறுப்பையும் கழற்றிவிட்டால் பாஸ் த பக். வாடிக்கையாளர் இதை உங்கள் அணியிடம் சொன்னார் என்றால் அது மென்மையான பேச்சு அல்ல, நேரடியான கண்டனம். "தெரியாது" என்று பதில் சொல்வதைவிட, எந்தப் பகுதி உங்களுடையது, எதை யார் எப்போது முடிப்பார் என்று பெயரும் தேதியும் போட்டுச் சொல்வதுதான் அவருக்கு வேண்டிய பதில்.

துள்ளலுக்கு வருவோம். முதுகைக் கூனி, தலையைத் தாழ்த்தி, நாலு காலும் தரையைவிட்டு எழும்பக் குதிரை குதிப்பதுதான் பக். சங்கப் பாட்டில் இரலை 'தெறிப்ப' என்று வருமே, அந்த வகைத் துள்ளல். முன்னங்காலைத் தூக்கி நிற்பது ரியர், பின்னங்காலால் உதைப்பது கிக், அவை வேறு. அமெரிக்க மாட்டுக்காரர்களின் ரோடியோ போட்டியில் இப்படித் துள்ளும் குதிரை மேலோ காளை மேலோ எட்டு வினாடி ஒரு கையால் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகில் ஏற்றிய சுமையை ஏற்கமாட்டேன் என்கிற இந்த உடல்மொழிதான் 'பக் த ட்ரெண்ட்', 'பக் த சிஸ்டம்' போன்ற தொடர்களில் இருக்கிறது. பங்குச்சந்தைச் செய்தியில் இது தினசரி வரும்: குறியீடு விழுந்த நாளில் ஒரு மருந்து நிறுவனப் பங்கு மட்டும் ஏறினால் அது பக்ட் த ட்ரெண்ட். போக்கை உடைத்தது என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அது தப்பு. போக்கு அப்படியேதான் இருக்கிறது, இந்த ஒரு பங்கு அதற்கு எதிர்த்திசையில் போனது. 'பக் ஃபார்' என்று வந்தால் நிலைமை தலைகீழ். 'பக்கிங் ஃபார் எ ப்ரமோஷன்' என்பது பதவி உயர்வை எதிர்ப்பது அல்ல, அதற்காகப் பறப்பது. அமெரிக்க ராணுவப் பேச்சிலிருந்து வந்த வழக்கு. பின்னால் வரும் அந்தச் சின்ன இடைச்சொல்தான் பொருளைத் திருப்பிப்போடுகிறது.

மின்னணுத் துறையிலும் இதே எதிர்ப்புதான். சென்னை ரிச்சி தெருவில் போய் "பக் கன்வர்ட்டர்" என்று கேட்டால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையை எடுத்துப் போடுவார்கள். அதில் பெரும்பாலும் எல்எம்2596 என்ற சில்லு இருக்கும். இதன் வேலை நேர்மின்னழுத்தத்தைக் குறைப்பது, 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குவது போல. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் எழும் அழுத்தம் உள்ளே வரும் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது, அதனால் பக். அதே சுருளின் அழுத்தம் கூடச் சேர்ந்துகொண்டால் அழுத்தம் ஏறும், அது பூஸ்ட். வெளியே வரும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளே வருவதையும் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கும் நேர விகிதத்தையும் பெருக்கியது. 12-இலிருந்து 5 வேண்டுமென்றால் சுவிட்ச் சுமார் 42 விழுக்காடு நேரம் ஆன் நிலையில் இருக்கும். இழப்பை ஈடுகட்ட நடைமுறையில் சற்றுக் கூடும். பலகையின் மேல் இருக்கும் சின்னத் திருகை மல்டிமீட்டர் வைத்துச் சரிசெய்யாமல் நேராகக் கைபேசியை மாட்டினால் கைபேசி போய்விடலாம். கடைக்காரர் எந்த அளவில் வைத்திருந்தார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சொல்லுக்கு வந்த இடத்தில் இது சற்று விலகல்தான், ஆனால் "பக்" என்று தேடி இந்தப் பக்கம் வந்துசேர்கிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

பக் அப், மிடுக்குக் கிளையைச் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பணக்கார வீட்டு உதாரிப் பிள்ளைகளைப் பக் என்பார்கள். நல்ல உடை, சூது, பந்தயம். டப்ளினைச் சேர்ந்த பக் வேலி என்பவர் ஜெருசலேம் வரை போய்த் திரும்புகிறேன் என்று பந்தயம் கட்டி 1788-89-இல் அதை ஜெயித்தும் காட்டினார். இப்படிப்பட்ட மைனர் போல உடுத்திக்கொள்வதுதான் முதலில் பக் அப். 19-ஆம் நூற்றாண்டில் அது தெம்பாக இரு, சுறுசுறுப்பாக இரு என்று ஆகி, பிரிட்டிஷ் பள்ளிகளின் வழியே நம் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக, ஓடுகிற பிள்ளையைப் பார்த்து நாம் பக் அப் என்று கத்துவது பழைய பிரிட்டிஷ் வழக்கு. ஆசிரியர் தேர்வு அட்டையில் "மஸ்ட் பக் அப்" என்று எழுதினால் முன்னேற வேண்டும் என்று பொருள். இங்கிலாந்தில் 'பக் அப் யுவர் ஐடியாஸ்' என்றால் இன்னும் கடுமை: ஒழுங்காக நடந்துகொள். அமெரிக்கர் காதில் பக் அப் என்பது, மனதைத் தேற்றிக்கொள், அழுததெல்லாம் போதும், என்று விழும். வீட்டில் துக்கம் நடந்த அமெரிக்க சக ஊழியரிடம் ஆறுதலாக இதைச் சொன்னால் ஆறுதலாகப் போய்ச்சேராது. ஓட்டப்பந்தயத்தில் ஊக்கப்படுத்த அவர்கள் வேறு சொற்களைத்தான் கத்துவார்கள்.

ஆண் என்ற பொருளிலிருந்து வந்த கொச்சை வழக்குகளில் இரண்டு வகை. ஒரு வகை தீங்கில்லாதது. திருமணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு நண்பர்கள் வைக்கும் விருந்து ஆஸ்திரேலியாவில் பக்ஸ் நைட், பெண்ணுக்கு ஹென்ஸ் நைட். கனடாவின் ஒன்டாரியோவில் 'பக் அண்ட் டோ' என்பது வேறு மாதிரி: மணமக்கள் இருவருக்கும் சேர்த்து மண்டபம் பிடித்து, நுழைவுச் சீட்டு விற்று, குலுக்கல் நடத்தி, கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்க்கும் விழா. ஸ்கார்பரோவில் புதிதாகக் குடியேறிய தமிழர் ஒருவருக்கு அலுவலக நண்பர் இந்தச் சீட்டை நீட்டினால், அது திருமண அழைப்பிதழ் அல்ல என்று தெரிந்திருப்பது நல்லது. நம்மூர் மொய் விருந்தின் தூரத்துச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற வகை ஆபத்தானது. அடிமைமுறைக் காலத்து அமெரிக்காவில் கறுப்பின ஆண்களையும் பழங்குடி ஆண்களையும் விலங்கைக் குறிப்பது போலப் பக் என்றார்கள். அந்த வடு இன்னும் ஆறவில்லை. 'யங் பக்' என்பது அகராதியில் துடிப்பான இளைஞன் என்று இருக்கும், வெள்ளையர் ஒருவர் தன் பேரனைச் சொன்னால் எவரும் கண்டுகொள்ளமாட்டார்கள், கறுப்பினத்தவர் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசை. வெளியாட்களான நாம் மனிதர்களுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் விடுவதே சரி.

கரீபியன் ஆங்கிலம் தனி உலகம். ஜமைக்காவில் ஒருவரைப் 'பக் அப்' செய்தால் வழியில் தற்செயலாகச் சந்தித்தீர்கள் என்று பொருள். காலைப் 'பக்' செய்தால் கல்லில் இடித்துக்கொண்டீர்கள். முட்டுவது, மோதுவது என்பதே அங்கே அடிப்படை. அங்கிருந்து லண்டன் இளைஞர் பேச்சுக்கும் இது போயிருக்கிறது. அமெரிக்கத் தெற்கின் ராப் பாட்டில் 'கெட் பக்', 'பக் வைல்ட்' என்றால் கட்டுக்கடங்காமல் ஆடுவது. வேறு இடத்தில் துப்பாக்கியால் சுடுவதும் பக் ஆகும். அது பக்ஷாட் என்ற பெரிய குண்டுகளின் நிழலாக இருக்கலாம். 'டுவெல்வ் போர்' என்ற குழல் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியின் வழக்கமான பக்ஷாட் தோட்டாவில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள ஈயக் குண்டுகள் எட்டோ ஒன்பதோ இருக்கும், மான் வேட்டைக்கென்று வந்தவை. முதல்முறை மானைக் குறிவைக்கும் வேட்டைக்காரனுக்குக் கை நடுங்குவது பக் ஃபீவர்.

தொழில் சார்ந்த சில பொருள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டிச் சாய்த்த மரத்தை அளவாகத் துண்டு போடுவது பக்கிங். விமான உடலில் ரிவெட் அடிக்கும்போது ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிப்பார், அந்தக் கட்டை பக்கிங் பார். பக் ப்ரைவேட் என்பது அமெரிக்கத் தரைப்படையின் கடைசிப்படி சிப்பாய். பக் டீத் என்பதைத் தெற்றுப்பல் என்று மொழிபெயர்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தெற்றுப்பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது, பக் டீத் என்பது மேல்வரிசை முன்னால் தள்ளி நிற்பது, "பல் எடுப்பா இருக்கும்" என்போமே அது. முகத்துக்கு நேரே சொன்னால் கேலி. பல் மருத்துவர்கள் ஓவர்ஜெட் என்பார்கள்.

ஊகம் பலிக்காத இடங்கள் சொல் தோற்றத்தில் ஒத்தும் குடும்பத்தில் ஒவ்வாதும் இருப்பவை. பக்வீட் என்ற தானியத்தின் முன்பாதி பீச் மரத்தைக் குறிக்கும் டச்சுச் சொல், விதை அந்த மரத்தின் கொட்டை போல முக்கோணமாக இருப்பதால். மாடு மேய்க்கும் பக்கரூ, ஸ்பானிய 'வக்கேரோ'வின் திரிபு. கடற்கொள்ளையரான பக்கனீர், கரீபியனில் இறைச்சியைப் புகையில் வாட்டும் பரணின் பெயரிலிருந்து வந்தவர். இடுப்புவாரின் பக்கிள், லத்தீனில் கன்னத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து. தலைக்கவசத்தின் கன்னவார் அது. ஆகவே 'பக்கிள் அப்' என்பதைப் பக் அப்போடு குழப்பாதீர்கள், அது வண்டியில் வார் மாட்டுவது. தையல்காரர் காலருக்கு வைக்கும் பக்ரம், பழைய பிரெஞ்சு வழியாக வந்த துணிப்பெயர். புகாரா நகரத்தின் பெயர்தான் அது என்பார்கள், உறுதியில்லை. பக்கிங்காம் கால்வாய், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரால் வந்தது. அந்த ஊர்ப்பெயரின் தொடக்கத்தில் இருப்பது புக்கா என்ற ஆளின் பெயர் என்கிறார்கள்.

ஆக, பேச்சில் கேட்டவுடன் பிரித்துப் பார்க்க இலக்கணமே போதும். முன்னால் எண் இருந்தாலோ 'பிக்', 'குவிக்' என்று வந்தாலோ பணம். முன்னால் 'பாஸ் த' இருந்தாலும் பின்னால் 'ஸ்டாப்ஸ்' இருந்தாலும் பொறுப்பு. பக்கை வினையாக வைத்து அதன் பின் ட்ரெண்ட், சிஸ்டம் என்று வந்தால் எதிர்ப்பு. பின்னால் 'ஃபார்' வந்து பதவி எதையாவது தொடர்ந்தால் ஆசை. 'அப்' என்று வந்தால் சொல்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூட்டத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு, அது மென்பொருள் அணி என்றால். நிரல் பிழையும் தமிழ் எழுத்தில் 'பக்'தான். "டோன்ட் பாஸ் த பக்" என்று அவர் சொன்னது, பிழையை அடுத்த அணிக்கு மாற்றிவிடாதே என்றும் காதில் விழலாம். விநோதமாக, அப்போதும் பொருள் கிட்டத்தட்ட அதுவே. ஆனாலும் ஒலியில் வேறுபாடு உண்டு. மானின் பக்கில் உயிர் சட்டென்று வெட்டப்படும், கடைசி ஒலி 'பக்கம்' என்பதில் வரும் வல்லின ககரம். பிழையின் பக்கில் உயிர் சற்று நீளும், கடைசி ஒலி 'அங்கம்' என்பதில் வருவது போல மெலிந்திருக்கும். நாம் பேசும்போது இரண்டையும் ஒரே வல்லினத்தில் முடித்துவிடுவதால் எதிரே இருப்பவர் குழம்புவார். நீங்கள் சொல்ல நேர்ந்தால் பிழைக்கு 'இஷ்யூ' அல்லது 'டிஃபெக்ட்' என்று போட்டுவிடுங்கள்.